பேரு அப்புறம், முதல்ல பறவையைப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பறவை பாக்குறதப் பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு இத்தனை கடிதம் வரும்னு நினைக்கல, முக்கால்வாசி பேரு "எங்கேருந்து ஆரம்பிக்கிறது"ன்னுதான் கேட்டிருக்காங்க. அதனால இந்த தடவை பகுதி முழுக்க பறவைக்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: எனக்கு 43 வயசு. காக்கா, குருவி, புறா தவிர ஒரு பறவை பேரும் தெரியாது. இந்த வயசுக்கு மேல கத்துக்க முடியுமா சார்? முதல் நாள் என்ன செய்யணும்?

தாராளமா முடியும். காக்கா, குருவி, புறா தெரியும்னு சொல்றீங்கல்ல, அது சின்ன விஷயமில்லங்க, அந்த மூணுதான் உங்க அளவுகோல். புதுசா ஒண்ணு பாத்தா "குருவியவிட பெருசு, புறாவவிட சின்னது"ன்னு சொல்ல முடிஞ்சாலே பாதிக்கு மேல வடிகட்டிரலாம்.

முதல் நாள் எங்கயும் போக வேண்டாம், எதுவும் வாங்க வேண்டாம். உங்களுக்கு நல்லா தெரிஞ்ச காக்காவையே ஒரு பதினஞ்சு நிமிஷம் பாருங்க. கழுத்த கவனிங்க. கழுத்தும் நெஞ்சும் சாம்பல் நிறமா இருந்தா அது வீட்டுக் காக்கா. உடம்பு மொத்தமும் கறுப்பா, அலகு கொஞ்சம் தடிச்சு, குரல் கரகரப்பா இருந்தா அது அண்டங்காக்கா. நாப்பது வருஷமா "காக்கா"ன்னு ஒரே பேர்ல கூப்பிட்டுட்டு இருந்தது ரெண்டு வேற வேற பறவைன்னு தெரியிற அந்த நிமிஷம் இருக்கே, எனக்கு அது நடந்தப்போ அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, இன்னும் எத்தனைய இப்படி விட்டுருக்கோம்னு தோணிட்டே இருந்துச்சு.

அடுத்தது மைனா. தரையில அது எப்படி போகுதுன்னு பாருங்க. குருவி ரெண்டு காலையும் சேர்த்து தத்தித் தத்தி குதிக்கும், மைனா நம்மள மாதிரி ஒரு காலுக்கப்புறம் ஒரு கால் எடுத்து வெச்சு நடக்கும். பழுப்பு உடம்பு, கறுப்பு தல, கண்ண சுத்தி மஞ்சத் தோலு, மஞ்ச அலகு. இதெல்லாம் உக்காந்திருக்கும்போது தெரியும், ஆனா பறக்கும்போது ரெக்கையில பளிச்சுனு ஒரு வெள்ளைத் திட்டு விரியும் பாருங்க, அதுக்கப்புறம் தூரத்துல எங்க பறந்தாலும் மைனாவ விடமாட்டீங்க.

ஒரு வாரத்துக்கு ஒரு பறவை போதும். நிறைய பேரு முதல் நாளே அம்பது பேர மனப்பாடம் பண்ணப் பாக்குறாங்க, ரெண்டு வாரத்துல சலிச்சுப்போய் விட்டுடறாங்க. பேரு எங்கயும் ஓடிப் போயிடாதுங்க, பறவைதான் போயிடும், அதனால அது நிக்கிற வரைக்கும் அதையே பாருங்க. உலகத்துல ஏறக்குறைய 11,000 வகைப் பறவை இருக்கு, யாரும் எல்லாத்தையும் தெரிஞ்சுட்டு ஆரம்பிச்சதில்ல.

கேள்வி: பைனாகுலர் வாங்கலாம்னு பாத்தா 8×42, 10×50, 20×50ன்னு தல சுத்துது. நம்பர் பெருசா இருந்தா நல்லதுதானே? கண்ணாடி போடுறவன் நான், எனக்கு ஒத்து வருமா?

நம்பர் பெருசா இருந்தா நல்லதுன்னு நினைச்சு வாங்கி, அலமாரியில தூங்குற பைனாகுலர் நிறைய பாத்திருக்கேன். முதல் நம்பர், எத்தனை மடங்கு கிட்டத்துல காட்டும்ங்கிறது. ரெண்டாவது, முன்னாடி இருக்கிற பெரிய லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. 8×42ன்னா எட்டு மடங்கு, 42 மி.மீ லென்ஸ்.

இப்ப ரெண்டாவது நம்பர முதல் நம்பரால வகுங்க. 42 வகுத்தல் 8, அஞ்சே கால். அந்த அஞ்சே கால் மில்லிமீட்டர் அகல ஒளிதான் உங்க கண்ணுக்கு வருது. சட்டைப்பையில போடுற சின்ன 8×21 எடுத்தா இரண்டரை சொச்சம்தான் வரும், வெயில்ல வித்தியாசம் தெரியாது, ஆனா பறவைங்க சுறுசுறுப்பா இருக்கிற விடியக்காலை மங்கல்ல எல்லாம் இருட்டடிச்ச மாதிரி தெரியும்.

மடங்கு கூடக் கூட ரெண்டு தொல்லை. உங்க கை ஆடுற ஆட்டமும் அத்தனை மடங்கு பெருசாகும், 20×50ய கையில பிடிச்சுட்டு ஒரு தேன்சிட்ட பாக்கவே முடியாது, ஸ்டாண்டு வேணும். இன்னொண்ணு, பெரும்பாலும் பாக்குற பரப்பு சுருங்கிரும், மரத்துல பறவை இருக்குன்னு தெரியும் ஆனா பைனாகுலருக்குள்ள எலையா வந்துட்டே இருக்கும். அதனால என் முடிவு, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு 8×42, கழுத்துல பாரம் தாங்காதுன்னா 8×32. ஜூம் பண்ற பைனாகுலர் வேண்டவே வேண்டாம், படம் மங்கலா வரும்.

கண்ணாடி போடுறவங்களுக்கு கண்டிப்பா ஒத்து வரும். கண்ணு வைக்கிற இடத்துல ஒரு ரப்பர் கிண்ணம் இருக்கும், அத திருகி கீழ இறக்கிட்டு கண்ணாடியோடயே பாருங்க. கண்ணாடி இல்லாதவங்க அத மேல ஏத்தி வைக்கணும். வாங்கும்போது, லென்ஸுலேருந்து கண்ணு எவ்வளவு தள்ளி இருக்கிற வரைக்கும் முழுப் படமும் தெரியும்ங்கிற தூரம் 15 மி.மீக்கு மேல போட்டிருக்கான்னு பாருங்க, அது குறைஞ்சா கண்ணாடிக்காரங்களுக்கு சுத்தி கறுப்பு வளையம் தெரியும்.

வாங்குற எடத்துலயே தூரத்துல ஒரு கம்பத்த பாருங்க. ஒண்ணு ரெண்டா தெரிஞ்சாலோ, ரெண்டு நிமிஷத்துல கண்ணு வலிச்சாலோ ரெண்டு குழலும் நேர்ல இல்லன்னு அர்த்தம், விட்டுடுங்க.

வாங்கிட்டு பெரும்பாலானவங்க செய்யாத ஒரு வேலை இருக்கு. நம்ம ரெண்டு கண்ணும் ஒண்ணு போல இருக்காது, அதுக்குன்னு வலது கண்ணு பக்கம் ஒரு வளையம் வெச்சிருப்பாங்க (சிலதுல நடுவுல இருக்கும்). வலது பக்க லென்ஸ கையால மூடிட்டு நடு சக்கரத்த திருப்பி இடது கண்ணுக்கு ஒரு எலைய தெளிவா கொண்டு வாங்க, அப்புறம் இடத மூடிட்டு, நடு சக்கரத்த தொடாம, அந்த வளையத்த மட்டும் திருப்பி அதே எலைய வலது கண்ணுக்கு தெளிவாக்குங்க. அவ்வளவுதான், ஒரு தடவை வெச்சா போதும், அதுக்கப்புறம் நடு சக்கரம் மட்டும்தான். "என் பைனாகுலர் மங்கலா இருக்கு"ன்னு சொன்ன எத்தனையோ பேருக்கு இத மட்டும் சரி பண்ணிக் கொடுத்திருக்கேன், அவங்க முகம் மாறுறத பாக்கணும்.

சூரியன் பக்கம் மட்டும் எப்பவும் திருப்பிராதீங்க, கண்ணு போயிரும். தூசி இருந்தா முதல்ல ஊதுங்க, சட்டை நுனியால வரட்டுன்னு தேச்சா கோடு விழும்.

கேள்வி: பைனாகுலர தூக்கி கண்ணுல வைக்கிறதுக்குள்ள பறவை பறந்துடுது, இல்லன்னா எங்க இருக்குன்னே தெரியல. வெறுப்பா இருக்கு அண்ணே.

குனிஞ்சு பைனாகுலர பாக்குறீங்க இல்ல, அதுதான் காரணம் தம்பி. கண்ண பறவை மேலயே வெச்சிருங்க, தலைய அசைக்காதீங்க, பைனாகுலர கண்ணுக்கு முன்னாடி கொண்டு வாங்க. பறவைக்கு பக்கத்துல ஒரு அடையாளமும் மனசுல வெச்சுக்கோங்க, காஞ்ச கிளை, ஒடைஞ்ச கொப்பு, பழுத்த எலை ஏதாவது. முதல்ல பறவைய வெச்சு பழகாதீங்க, மரத்துல இருக்கிற ஒரே ஒரு பழுப்பு எலைய குறி வெச்சு தினம் இருபது தடவை தூக்கி எறக்குங்க. நாலஞ்சு நாள்ல கை தானா போகும்.

கேள்வி: நிறத்த வெச்சு தேடுனா எதுவுமே சரியா வரமாட்டேங்குது. நான் பாத்தது பழுப்பு, புத்தகத்துல பழுப்பா நூறு பறவை இருக்கு. வெள்ளையா ஒரு கொக்கு, அதுலயே நாலஞ்சு வகை காட்டுறாங்க. எப்படித்தான் பிரிக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் இத எழுதணும்னு தோணிச்சு. நிறம் நம்மள ஏமாத்துற மாதிரி வேற எதுவும் ஏமாத்தாது. வெளிச்சத்துக்கு எதிர நின்னா கிளி கூட கறுப்பாதான் தெரியும். ஆணும் பொண்ணும் வேற நிறம், குஞ்சு வேற நிறம், இனப்பெருக்க காலத்துல ஒரு நிறம் மத்த மாசத்துல ஒரு நிறம். அதனால நிறத்த கடைசியில கேளுங்க. முதல்ல அளவு, அப்புறம் உருவம், அலகு, வாலு, அது என்ன செஞ்சிட்டிருந்துச்சு, எங்க இருந்துச்சு.

அலகு பாத்தாலே அது என்ன சாப்பிடும்னு சொல்லிரலாம். குட்டையா தடிச்ச கூம்பு மாதிரின்னா விதை உடைக்கும், சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் அப்படி. ஒல்லியா வளைஞ்சிருந்தா பூவுல தேன் எடுக்கும். கொக்கி மாதிரி முனை வளைஞ்சா கறி கிழிக்கிற பறவை. ஈட்டி மாதிரி நீளம்னா மீனு.

செய்கை இன்னும் நல்லா காட்டிக் கொடுக்கும். கம்பியில ஒரு கறுப்புப் பறவை, வாலு ரெண்டா பிளந்திருக்கு, சர்ர்னு பறந்து ஒரு பூச்சிய பிடிச்சுட்டு அதே எடத்துக்கே திரும்பி வந்து உக்காருதுன்னா நிறமே கேக்க வேண்டாம், கரிச்சான். பச்சையா மெல்லிசா, வாலுல ஊசி மாதிரி ஒரு நீட்டம், பிடிச்ச தேனீய கிளையில டக் டக்னு அடிக்குதுன்னா பஞ்சுருட்டான், கொடுக்க எடுத்துட்டுத்தான் முழுங்கும். வானத்துல அரிவாள் மாதிரி ரெக்கையோட சுத்திட்டே இருக்கு, கம்பியில வந்து உக்காரவே மாட்டேங்குதுன்னா உழவாரன், அது கால் கிளையில உக்காரவே தோதுப்படாது, சுவத்துல தொத்திக்கத்தான் முடியும். பாக்க அதே மாதிரி இருந்து கம்பியில வரிசையா உக்காந்தா தகைவிலான்.

நம்ம ஆளுங்க வெச்ச பேரையே பாருங்க, வாலாட்டி, மரங்கொத்தி, மீன்கொத்தி, ஆள்காட்டி, தையல்சிட்டு. எல்லாம் அது செய்யிற வேலை. பேரு வெச்சவங்க பக்கத்துல நின்னு பொறுமையா பாத்துட்டுதான் வெச்சிருக்காங்க. தவிட்டுக்குருவி மாதிரி சிலதுக்கு நிறத்த வெச்சாங்க, தவிட்டு நிறம், ஆனா அதையும் நான் நிறத்த வெச்சு கண்டுபிடிக்கிறதில்ல, ஏழெட்டு சேர்ந்து தரையில எலைய புரட்டிட்டு சதா சண்ட போடுற மாதிரி கத்திட்டு இருந்தா அதுதான்.

இப்ப வெள்ளைக் கொக்கு. அலகையும் காலையும் பாருங்க. அலகு கறுப்பு, காலும் கறுப்பு, ஆனா சேத்துலேருந்து கால தூக்கும்போது பாதம் மட்டும் மஞ்சள்னா சின்னக் கொக்கு. அலகு மஞ்சள், கழுத்து குட்டை, மாட்டுக்குப் பின்னாடியே போகுதுன்னா உண்ணிக்கொக்கு, இனப்பெருக்க நேரத்துல தலையும் கழுத்தும் ஆரஞ்சாகிரும். ரொம்ப ஒசரமா, கழுத்துல ஒரு எடத்துல எலும்பு முறிஞ்ச மாதிரி மடிப்பு, வாயோட கோடு கண்ணத் தாண்டி பின்னாடி வரைக்கும் போனா பெரிய கொக்கு. அந்தக் கோடு கண்ணுக்கு கீழயே நின்னுட்டா நடுத்தரக் கொக்கு. இந்த கடைசி ரெண்டும் எனக்கே பல வருஷம் குழப்பம், சந்தேகம்னா "கொக்கு"ன்னு மட்டும் எழுதிட்டு நகர்ந்துருவேன், அதுல ஒண்ணும் தப்பில்ல.

ஒண்ணு சொல்லியே ஆகணும், மடையான். தண்ணி ஓரத்துல கழுத்த உள்ள இழுத்துட்டு, மண்ணு நிறத்துல கோடு கோடா, கல்லு மாதிரி உக்காந்திருக்கும். நீங்க அது பக்கத்துலயே நின்னுட்டு இருப்பீங்க, தெரியாது. திடீர்னு கிளம்பும், ரெக்கைய விரிச்சா அத்தனையும் வெள்ளை! மண்ணுக்குள்ளேருந்து ஒரு வெள்ளைக் கொக்கு கிளம்புன மாதிரி இருக்கும். மறுபடி எறங்கி ரெக்கைய மடக்குனதும் காணாம போயிரும். இத ஒரு தடவை பாத்தவங்க நிறத்த நம்பி பறவை தேட மாட்டாங்க.

கேள்வி: எங்க தொட்டியில இருக்கிற பூவுக்கு ஹம்மிங்பேர்ட் வருது, வீடியோ கூட எடுத்தேன், யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.

அது தேன்சிட்டுங்க. ஹம்மிங்பேர்ட் அமெரிக்க கண்டங்கள்ல மட்டும்தான் இருக்கு, வேற எங்கயும் காட்டுல கிடையாது. தேன்சிட்டும் ஒரு நொடி அந்தரத்துல நின்னு தேன் குடிக்கும், அதனாலதான் குழப்பம், ஆனா பெரும்பாலும் காம்புல தொத்திக்கிட்டு தலைகீழா தொங்கியாவது குடிக்கும். உங்க வீடியோவ திரும்ப போட்டு கால பாருங்க, எதையாவது பிடிச்சிருக்கும். ஹம்மிங்பேர்ட் இல்லன்னு வருத்தப்படாதீங்க, வெயில்பட்டா ஆண் தேன்சிட்டு கழுத்துல ஒரு ஊதா மின்னும், அத பக்கத்துல வெச்சு தினம் பாக்குற எடம் உங்களுக்கு கிடைச்சிருக்கு.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயசு, முட்டி வலி, வெளிய போக முடியாது. ஜன்னல்தான் உலகம். காதும் கொஞ்சம் மந்தம். அவங்களுக்கு இது சரிப்படுமா?

அம்மாவுக்கு என் வணக்கத்த சொல்லுங்க. நடந்து நடந்து பாக்குறவங்கள விட ஒரே எடத்துல உக்காந்து பாக்குறவங்களுக்குத்தான் பறவை கிட்ட வரும், நான் அனுபவத்துல சொல்றேன். நாம நுழைஞ்சதும் எல்லாம் அடங்கிரும், பத்து இருபது நிமிஷம் அசையாம இருந்தா திரும்ப ஆரம்பிச்சிரும், நடக்குறவங்க அந்த நேரத்துக்கு முன்னாடியே அடுத்த எடத்துக்கு போயிருப்பாங்க.

ஜன்னலுக்கு வெளிய பாக்குற மாதிரி ஒரு அகலமான மண் தட்டுல தண்ணி வைங்க, ரெண்டு விரக்கடை ஆழத்துக்கு மேல வேண்டாம், நடுவுல ஒரு கல்லு, பறவை நின்னு குளிக்க. தினம் கழுவி தண்ணி மாத்தணும், இது முக்கியம், அழுக்குத் தண்ணியில நோய் பரவும், செய்ய முடியாதுன்னா வைக்காம இருக்கிறதே நல்லது. ஜன்னல் கண்ணாடியில வானம் தெரிஞ்சா பறவை வந்து முட்டிக்கும், வெளிப்பக்கம் நெருக்கமா புள்ளி புள்ளியா ஏதாவது ஒட்டிருங்க.

ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்க. தேதி, மணி, என்ன வந்துச்சு, எத்தனை, என்ன செஞ்சுச்சு. ஒரு வருஷம் எழுதினாங்கன்னா, எந்த மாசம் குயிலு கத்த ஆரம்பிச்சுச்சு, எப்ப குருவி வைக்கோல் தூக்குச்சு, எது திடீர்னு காணாம போச்சுன்னு அந்த ஜன்னலப் பத்தி அம்மாவுக்கு தெரிஞ்சது வேற எந்த நிபுணருக்கும் தெரியாது. பிப்ரவரியில நாலு நாள் உலகம் முழுக்க கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்புன்னு ஒண்ணு நடக்குது, 1998ல ஆரம்பிச்சது, பதினஞ்சு நிமிஷம் ஒரே எடத்துல உக்காந்து எண்ணினா போதும். அம்மா ஜன்னல்லேருந்தே சேரலாம். காது மந்தமா இருக்கிறதப் பத்தி கவலைப்பட வேண்டாம், அசைவ கவனிக்கிற கண்ணு இருந்தா போதும்.

கேள்வி: போன்ல ஆப் வெச்சா சத்தத்த கேட்டே பேரு சொல்லிருதாமே. அப்புறம் நாம எதுக்கு கத்துக்கணும்?

மெர்லின் ஆப்பத்தான் சொல்றீங்க. அமெரிக்காவுல கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமா கொடுக்குறது, 2021லேருந்து சத்தத்த கேட்டு சொல்ற வசதியும் இருக்கு, உங்க பகுதிக்கான தொகுப்ப எறக்கி வெச்சுட்டா நெட் இல்லாமலே வேலை செய்யும். நானும் வெச்சிருக்கேன், நல்ல ஆப். ஆனா அது சொல்றது ஒரு யூகம், தீர்ப்பு இல்ல. கரிச்சான் மத்த பறவை மாதிரி கத்தும், ஆப் ஏமாந்துரும். இப்படி மிமிக்ரி பண்ற பறவைங்க இன்னும் இருக்கு. ஆப் ஒரு பேரு காட்டுச்சுன்னா, அந்தப் பக்கம் திரும்பி, கத்துறது யாருன்னு கண்ணால பாருங்க. தொண்ட அசையுறத பாத்துட்டு கேட்ட சத்தம் மறக்கவே மறக்காது, ஸ்கிரீன்ல பாத்த பேரு சாயங்காலமே மறந்துரும்.

சத்தம் கத்துக்க ஒரு வழி, அத நம்ம பாஷையில சொல்லிப் பாக்குறது. செம்போத்து புதருக்குள்ளேருந்து ஊப் ஊப் ஊப்னு பானைக்குள்ள ஊதுற மாதிரி. தையல்சிட்டு உள்ளங்கை அளவு கூட இருக்காது, ட்விட் ட்விட் ட்விட்னு தெருவுக்கே கேக்கும். நீங்க உங்க காதுக்கு என்னவா கேக்குதோ அப்படியே எழுதி வைங்க.

கேள்வி: வாசல் பக்கத்துல ஆள்காட்டி முட்டை வெச்சிருக்கு. கிட்டப் போய் போட்டோ எடுக்கலாமா? பதிவு பண்ண சத்தத்த போட்டா பறவை கிட்ட வரும்னு நண்பர் சொல்றாரு, செய்யலாமா?

ரெண்டுக்கும் வேண்டாம்னுதான் சொல்லுவேன், ஏன்னு சொல்றேன்.

பல வருஷத்துக்கு முன்னாடி நானும் இன்னும் ஆறேழு பேரும் ஒரு பொட்டல்ல ஆள்காட்டி முட்டைய பாத்தோம். கூடுன்னு ஒண்ணும் கிடையாது, தரையில நாலு கூழாங்கல்லுக்கு நடுவுல, கல்லு மாதிரியே புள்ளி போட்ட நாலு முட்டை. ஆளாளுக்கு குனிஞ்சு பாத்தோம், படம் எடுத்தோம், மணி பதினொண்ணு இருக்கும், நல்ல வெயிலு. தாய் இருபதடி தள்ளி நின்னுட்டு கத்திக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் கத்துறத நிறுத்திட்டு வாய தொறந்து மூச்சு வாங்கிட்டு நின்னுச்சு. அப்பக்கூட எங்களுக்கு உறைக்கல. அந்த வெயில்ல அது முட்டை மேல உக்காந்திருக்கிறது சூடு பண்ண இல்ல, நிழல் கொடுக்க. வயித்து எறகை தண்ணியில நனைச்சுட்டு வந்து கூட முட்டைய குளிர வைக்கும். அத நாங்க அரை மணி நேரம் தள்ளி நிறுத்தி வெச்சோம். நாங்க கிளம்பும்போது பக்கத்து மரத்துல ரெண்டு காக்கா. மறுவாரம் போனப்போ முட்டை இல்ல. வெயில்ல வெந்துச்சா காக்கா எடுத்துச்சான்னு தெரியாது, எதுவா இருந்தாலும் காரணம் நாங்கதான். அந்தப் படம் எங்கிட்ட இன்னும் இருக்கு, யாருக்கும் காட்டினதில்ல.

தூரத்துல உக்காந்து பைனாகுலர்ல பாருங்க. எடத்த இணையத்துல போடாதீங்க. ஒரு பொதுவான கணக்கு வெச்சுக்கோங்க, நீங்க வந்ததால அது செஞ்சிட்டிருந்த வேலைய நிறுத்திட்டு உங்களையே பாக்குதுன்னா நீங்க அளவுக்கு மீறி கிட்ட வந்தாச்சு, ரெண்டு எட்டு பின்னாடி போங்க.

பதிவு பண்ண சத்தத்த போடுறது, பறவையோட எல்லையில வேற ஒரு ஆண் நுழைஞ்சிருச்சுன்னு பொய் சொல்றதுங்க. தீனி தேடுறத, குஞ்சுக்கு ஊட்டுறத விட்டுட்டு இல்லாத எதிரியோட சண்டைக்கு வரும். நமக்கு ஒரு படம், அதுக்கு ஒரு காலைப்பொழுது வீண்.

கேள்வி: குஞ்சு ஒண்ணு கீழ விழுந்து கிடக்கு, மனுஷ வாடை பட்டா தாய் சேர்க்காதுன்னு சொல்றாங்களே?

அது தப்பான நம்பிக்கை. நீங்க தொட்டதுக்காக தாய் குஞ்ச கைவிடாது. எறகு முளைச்சு, தத்தித் தத்தி நடக்குதுன்னா அது விழுந்ததே இல்ல, பறக்கப் பழகுது, தாயும் தகப்பனும் பக்கத்துலதான் இருப்பாங்க. பூனை நாய் வராத மாதிரி பக்கத்து புதர்ல வெச்சுட்டு தள்ளிப் போங்க. எறகே இல்லாத வெறும் குஞ்சுன்னா கூட்ட தேடி திரும்ப வெச்சிருங்க. காயம் இருந்தா மட்டும் கால்நடை மருத்துவர்கிட்டயோ வனத்துறைகிட்டயோ கேளுங்க. பாலும் தண்ணியும் வாயில ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும்.

கேள்வி: பாத்தத எழுதி வைக்கச் சொல்றீங்க, அத வெச்சு என்ன ஆகப்போகுது? நாங்க என்ன விஞ்ஞானியா?

1900ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்னிக்கு அமெரிக்காவுல ஃப்ராங்க் சாப்மன்ங்கிறவரு ஒரு வேலை செஞ்சாரு. அங்க அந்த நாள்ல கூட்டமா போயி யாரு நிறைய சுடுறாங்கன்னு போட்டி வைக்கிற வழக்கம் இருந்துச்சு, அவரு "சுட வேண்டாம், எண்ணலாம்"னாரு. 27 பேரு சேர்ந்தாங்க. அந்தக் கணக்கெடுப்பு இன்னிக்கு வரைக்கும் வருஷா வருஷம் நடக்குது, எந்தப் பறவை குறையுதுன்னு சொல்றதுக்கு அந்த நூறு வருஷத்துக்கு மேலான நோட்டு இப்ப உதவுது. எண்ணினவங்கள்ல பெரும்பாலானவங்க விஞ்ஞானி கிடையாது.

இப்ப 2002லேருந்து இபேர்ட்னு ஒரு தளம் இருக்கு, உலகத்துல எங்கேருந்தும் பட்டியல் போடலாம். ஆரம்பிக்கிறவங்க ஒண்ணு மட்டும் கவனிங்க, அபூர்வமா பாத்தத மட்டும் போடாதீங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சோம், எவ்வளவு நேரம், அடையாளம் தெரிஞ்ச எல்லாம், காக்கா உட்பட, எத்தனை எத்தனைன்னு போடுங்க. எல்லாத்தையும் போட்டாதான், போடாதது அங்க இல்லன்னு அர்த்தமாகும். "இன்னிக்கு ஒரு மணி நேரம் உக்காந்தேன், ஒரு சிட்டுக்குருவி கூட இல்ல"ங்கிறதும் பெரிய தகவல்தாங்க.

வலசை பத்தியும் சிலர் கேட்டிருந்தீங்க, எங்கேருந்து வருது எப்படித் தெரியும்னு. கால்ல வளையம் போட்டும், இப்ப சின்ன டிரான்ஸ்மிட்டர் கட்டியும்தான். 2022 அக்டோபர்ல பட்டைவால் மூக்கன்ங்கிற கரையோரப் பறவை ஒண்ணு, பொறந்து அஞ்சு மாசம்தான் ஆச்சு, அலாஸ்காவுல கிளம்பி ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா தீவு வரைக்கும் சுமார் 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கயும் எறங்காம பறந்துச்சு. தீனி இல்ல, தண்ணி இல்ல, கீழ கடலு. சேத்துல நிக்கிற ஒரு பழுப்புப் பறவைய இனிமே லேசா தாண்டிப் போக முடியுதான்னு பாருங்க. வளையம் போட்ட பறவைய கண்டா நிறம், எழுத்து, நம்பர், எந்தக் காலுன்னு குறிச்சு இணையத்துல அதுக்கான தளத்துல தெரிவிங்க, அதுக்கு எங்க வளையம் போட்டாங்கன்னு உங்களுக்கும் பதில் வரும்.

கேள்வி: என் பொண்ணுக்கு எட்டு வயசு. மொட்டை மாடியில ஒரு காக்கா, புள்ளி புள்ளியா வேற மாதிரி இருக்கிற ஒரு பறவைக்கு ஊட்டுறத பாத்தேன்னு அடிச்சு சொல்றா. நாங்க சிரிச்சோம், அவ அழுதுட்டா. அப்படி இருக்க முடியுமா?

முடியும்ங்க, உங்க பொண்ணு பாத்தது நிஜம். அது குயில் குஞ்சு. குயில் கூடு கட்டாது, காக்கா கூட்டுல முட்டை போடும், காக்கா தன் குஞ்சா நினைச்சு வளர்க்கும், கூட்ட விட்டு வெளிய வந்த பிறகும் கொஞ்ச நாள் ஊட்டும். நாம குயில்னா கறுப்புன்னு நினைக்கிறோம், அது ஆண் மட்டும்தான், கண்ணு சிவப்பா இருக்கும். பொட்டைக் குயிலு பழுப்புல உடம்பு பூரா வெள்ளைப் புள்ளி, அத பாத்துட்டு வேற பறவைன்னு சொல்ற பெரியவங்க நிறைய இருக்காங்க.

குட்டிகிட்ட முதல்ல மன்னிப்பு கேட்டுருங்க. அப்புறம் ரெண்டு மூணு நாள் அதே நேரத்துக்கு அவகூட மாடிக்கு போயி ஓரமா உக்காருங்க, அந்தக் குஞ்சு ஒரே எடத்துல உக்காந்து கத்திக் கத்தி கேக்கும், காக்கா போய் போய் வரும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை ஊட்டுச்சு, வாயில என்ன கொண்டு வந்துச்சுன்னு அவளையே எண்ணி எழுதச் சொல்லுங்க, அவ கையெழுத்துலயே அனுப்புங்க, அடுத்த இதழ்ல அப்படியே போடுறேன்.